பழைய முகம், புது உடம்பு: மஸ்டாங், சேலஞ்சர், கமாரோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டால் டெட்ராய்ட்டின் வடக்கே வுட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள்தான். வுட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்று 1995இல் ஆரம்பித்த ஊர்வலம் அது. மடக்கு நாற்காலி, தண்ணீர், புளிசாதம் எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே ராயல் ஓக் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். கூட வரும் நண்பர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சான், அவர் பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றை எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ரெட்ரோ மஸில் கார் என்று எதைச் சொல்கிறீர்கள்?

1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஓடிய இரண்டு கதவு வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கார்களின் சாயலில், 2005 மாடலில் தொடங்கிப் புதிதாக வடிவமைத்து விற்ற கார்களை. முக்கியமானவை மூன்று. 2005 மாடலாக வந்த ஃபோர்டு மஸ்டாங், 2008இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர், 2010 மாடலாக வந்த செவர்லே கமாரோ. நீண்ட போனட், குட்டையான டிக்கி, பின் சக்கரத்துக்கு மேலே இடுப்பு போலப் புடைத்த உடல். இந்த மூன்றும் இருந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும்.

மஸ்டாங் மஸில் கார் இல்லை, போனி கார் என்கிறார்களே?

சரிதான். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையோடு அறிமுகமான சின்ன, ஸ்டைலான கார் அது. அந்த வகைக்கே அதன் குதிரைச் சின்னத்தை வைத்து போனி கார் என்று பெயர் வந்தது. சேலஞ்சரும் கமாரோவும்கூட அந்த வகையில்தான் பிறந்தன. ஆனால் இன்று தெருவில் யாரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை.

முப்பது வருஷம் கழித்துத் திடீரென்று ஏன் பழைய முகம் தேவைப்பட்டது?

அறுபதுகளில் இந்தக் கார்களின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த பையன்கள் 2000 வாக்கில் ஐம்பது வயதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கையில் காசும் இருந்தது. வடிவமைப்பாளர்கள் பக்கமும் காற்று அப்படித்தான் வீசியது. 1994இல் ஃபோக்ஸ்வேகன் காட்டிய கான்செப்ட் காரிலிருந்து (விற்பனைக்கு முன் கண்காட்சிக்காகச் செய்யும் மாதிரி) பழைய பீட்டிலின் சாயலோடு 1998இன் நியூ பீட்டில் வந்தது. அந்தக் கான்செப்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே மேஸ் பிறகு ஃபோர்டின் வடிவமைப்புத் தலைவரானார். பழைய நினைவையும் எதிர்காலத்தையும் சேர்க்கும் இந்தப் பாணிக்கு அவர் பயன்படுத்திய சொல் 'ரெட்ரோஃப்யூச்சரிசம்'. 2003இல் டெட்ராய்ட் கார் ஷோவில் மஸ்டாங் கான்செப்ட் மேடை ஏறியது அந்த வழியில்தான்.

அந்தக் காரின் தலைமைப் பொறியாளர் ஹாவ் தாய்-டாங் சைகோனில் பிறந்தவர். போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்குக் காட்டுவதற்காக அங்கே கொண்டுவந்திருந்த ஒரு மஸ்டாங்கைச் சிறுவனாகப் பார்த்தவர். 1975இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, அதே காரின் புதுத் தலைமுறைக்குப் பொறுப்பாளர் ஆனார். 2010 கமாரோவின் கான்செப்டை வரைந்த சாங்யூப் லீ கொரியாக்காரர். அமெரிக்கர்களின் இளமை நினைவை வரைந்து கொடுத்தவர்களில் கடல் தாண்டி வந்தவர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு வடிவத்தின் மீதுள்ள ஆசைக்கு அந்த ஊரில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று இல்லை.

மஸ்டாங்குக்கு வரவேற்பு அமோகம். 2006 ஜனவரி டெட்ராய்ட் ஷோவில் சேலஞ்சர், கமாரோ இரண்டின் கான்செப்டுகளும் ஒரே சமயத்தில் வந்து நின்றன.

அப்படியென்றால் பழைய காரை அப்படியே பார்த்து வரைந்ததுதானே?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குச் சரியான பதில் சேலஞ்சரின் கதையில் இருக்கிறது.

கான்செப்ட் வேலை தொடங்கியபோது உண்மையான ஒரு 1970 சேலஞ்சரையே ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குறைகள் தெரிந்தன. சக்கரங்கள் உடலுக்குள் ஒடுங்கி நிற்கின்றன. முன் சக்கரத்துக்கு முன்னால் மூக்கு தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. அதனால் அந்தக் காரை வரைய வேண்டாம், ஜனங்களின் மனதில் இருக்கும் சேலஞ்சரை வரைவோம் என்று முடிவு செய்தார்கள்.

சின்ன வயதில் ஏறி விளையாடிய தாத்தா வீட்டுத் திண்ணையைப் பெரியவனான பிறகு போய்ப் பார்த்தால் முழங்கால் உயரம்தான் இருக்கும். நினைவில் இருக்கும் திண்ணையைக் கட்ட வேண்டுமென்றால் அதை உயர்த்தித்தான் கட்ட வேண்டும். 1970 சேலஞ்சரின் நீளம் சுமார் 486 செ.மீ., 2008இன் நீளம் சுமார் 502 செ.மீ. அகலம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் உயரம் சுமார் 15 செ.மீ. கூடியிருக்கிறது. ஒருமுறை வுட்வர்டில் இரண்டும் அடுத்தடுத்து நின்றன, இரண்டுமே ஆரஞ்சு. பழையது தரையோடு படுத்திருந்தது. புதியது அதன் அண்ணன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பக்கவாட்டில் ஓடி, பின் சக்கரத்துக்கு முன்னால் மேலெழும் அந்த மடிப்புக் கோடு மட்டும் இரண்டிலும் ஒரே கை போட்டது போல இருந்தது.

மூன்றில் எது வடிவத்தில் ஜெயித்தது?

என் தீர்ப்பு: பார்த்ததும் மனதை அள்ளுவது சேலஞ்சர். பார்க்கப் பார்க்கப் பிடிப்பது 2005 மஸ்டாங்.

மஸ்டாங்கில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று நன்றாக யோசித்திருக்கிறார்கள். பின்னால் செங்குத்தான மூன்று பட்டை விளக்கு, கதவுக்குப் பின்னால் 'சி' எழுத்து வடிவக் குழிவு, முன்னோக்கிச் சரிந்த சுறா மூக்கு, ஜிடி மாடலின் கிரில்லுக்குள் இரண்டு வட்டப் பனி விளக்குகள். இவை எல்லாம் 1965 முதல் 68 வரையிலான வெவ்வேறு மஸ்டாங்குகளில் இருந்து எடுத்தவை. ஒரே ஒரு வருஷத்துக் காரின் நகல் என்று யாராலும் சொல்ல முடியாது. 2010இல் பின் விளக்குகள் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக எரியும்படி மாற்றினார்கள். அது 1960களில் ஃபோர்டின் தண்டர்பேர்டிலும் பிறகு ஷெல்பி என்ற பெயரில் வந்த வேக மஸ்டாங்கிலும் இருந்த பழக்கம். இரவில் ஒரு மஸ்டாங் பாதை மாறும்போது பின்னால் ஓட்டிப் பாருங்கள், விளக்கு நடந்து போவது தெரியும்.

கமாரோ 1969 மாடலின் முகத்தை எடுத்துக்கொண்டு அதிகம் மிகைப்படுத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றிலும் கம்பீரம் அதுதான். உள்ளே உட்கார்ந்தால் தோளுக்கு மேல்தான் ஜன்னல். தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வடிவத்துக்காக ஓட்டுபவரின் பார்வையைக் குறைத்தது தவறு என்றுதான் நினைக்கிறேன்.

புதியவற்றின் ஜன்னல்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன?

பக்கவாட்டு மோதலைத் தாங்கக் கதவு தடிக்க வேண்டும். கார் உருண்டால் கூரை நசுங்கக் கூடாது, அதற்குத் தூண் தடிக்க வேண்டும். அதோடு 14, 15 அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் 20 அங்குலம் வந்துவிட்டது. சக்கரம் பெரிதானால் உடலும் அதற்கேற்ப உயர்ந்தால்தான் பார்க்க அளவாக இருக்கும்.

இதில் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். 1970 சேலஞ்சர் ஹார்ட்டாப்பில் நடுத்தூண் கிடையாது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கினால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. புதியதில் தூண் இருக்கிறது. அதைக் கருப்பாக்கிக் கண்ணாடியோடு கண்ணாடியாக மறைத்திருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் கண்ணாடி மின்னும், தூண் மின்னாது. அப்போதுதான் அங்கே ஒன்று இருப்பதே தெரியும்.

போனட் மேல் ஓடும் கோடுகள் எங்கிருந்து வந்தன?

ரேஸிலிருந்து. அமெரிக்க ரேஸ் கார்களின் நிறம் வெள்ளையும் நீலமும். 1965இன் ஷெல்பி ஜிடி350 வெள்ளை உடலில் நீல இரட்டைக் கோட்டோடு வந்த பிறகு அது எல்லாருக்கும் வேண்டியதாகிவிட்டது.

இன்றைய கோடுகளில் பெரும்பாலானவை வினைல். இதில் நானே பட்டிருக்கிறேன். 2009 சேலஞ்சர் ஆர்/டி ஒன்றைப் பயன்படுத்திய காராக வாங்கினேன். கருப்புக் கோடு கம்பெனியே போட்டது என்று விற்றவர் சொன்னார். ஓரங்கள் சுருண்டு வந்ததால் உரித்தேன். கீழே ஆரஞ்சு புத்தம் புதிதாகப் பளபளத்தது, சுற்றிலும் வெயிலில் வெளுத்த ஆரஞ்சு. கோட்டை எடுத்த பிறகும் கோடு அங்கேயே இருந்தது. ஒருபுறம் நேராகவும் மறுபுறம் ஒரு விரல் அளவு கோணலாகவும் வேறு இருந்தது. கம்பெனி வேலை இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பாலிஷ் போட்டுக் கொஞ்சம் சரிசெய்ய முடிந்தது, முழுவதும் போகவில்லை. அதனால் வாங்கும் முன் கோட்டின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் போனட் விளிம்பிலிருந்து அளந்தும் பாருங்கள்.

ஊதா, கிளிப்பச்சை, மாம்பழ ஆரஞ்சு... இந்த நிறங்களும் பழையவைதானா?

ஆமாம். 1970 வாக்கில் டாட்ஜும் பிளிமத்தும் 'ஹை இம்பாக்ட்' என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்களை வரிசையாக இறக்கின. பிளம் கிரேஸி, கோ மேங்கோ, சப்லைம், பாந்தர் பிங்க். பெயர்களே ஒரு ரகம். 2008இன் முதல் சேலஞ்சர் ஆரஞ்சு, கருப்பு, வெள்ளி மூன்றில்தான் கிடைத்தது. 2010இல் பிளம் கிரேஸி திரும்பியது, அப்புறம் மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளையும் சாம்பலுமாக ஓடும் நெடுஞ்சாலையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கார் கடந்து போனால் அந்த நாளே நன்றாக இருக்கும்.

ஸ்பெஷல் எடிஷன் என்பது ஸ்டிக்கரும் வரிசை எண் பொறித்த தகடும்தானே? அதற்கு எதற்கு அதிக விலை?

சில எடிஷன்கள் அப்படித்தான். 2010 கமாரோவின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் எடிஷனில் படத்தின் சின்னமும் கோடும் இருந்தன. எஞ்சினில் ஒன்றும் மாறவில்லை. படத்தில் கமாரோவாக உருமாறும் பம்பிள்பீயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது போதும், அதில் தப்பில்லை. ஆனால் நான் விலை கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: ஸ்டிக்கரை உரித்தால் மீதி என்ன இருக்கும்?

2012 பாஸ் 302 மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஜிடியில் 412 குதிரைத்திறன், இதில் 444. பக்கவாட்டிலும் சைலன்ஸர் வாய். டிராக்கீ என்று ஒரு சிவப்புச் சாவி தனியாக வாங்கலாம். அதைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ரேஸ் மென்பொருளில் ஓடும். லகுனா செக்கா என்ற பதிப்பில் பின் இருக்கையையே எடுத்துவிட்டு உடலை விறைப்பாக்கும் கம்பியை வைத்தார்கள். 2014 கமாரோ இசட்/28 இன்னும் பிடிவாதம். எடை குறைக்க ஏசியையே விருப்பப் பொருளாக்கினார்கள். ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் சீட் பெல்ட் எச்சரிக்கை மணி ஒலிக்கச் சட்டப்படி தேவை என்பதால். இவற்றில் ஸ்டிக்கரை உரித்தாலும் கார் மிச்சமிருக்கும்.

புல்லிட் மஸ்டாங் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1968இல் வந்த அந்தப் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய கரும்பச்சை ஃபாஸ்ட்பேக்கின் நினைவாக 2001, 2008, 2019 என்று மூன்று முறை வந்தது. 2008 புல்லிட்டில் அவர்கள் சேர்த்ததைவிட நீக்கியதுதான் அதிகம். கிரில்லில் குதிரை இல்லை. ஸ்பாய்லர் இல்லை. கோடு இல்லை. எல்லாரும் அலங்காரம் கூட்டும்போது குறைத்து அழகு காட்டியதால், ஸ்டைலிங் என்று வந்தால் என் முதல் வோட்டு இதற்குத்தான். 2019 பதிப்பில் 480 குதிரைத்திறன், வெள்ளைப் பந்து போன்ற கியர் குமிழ், ஆட்டோமேட்டிக் கிடையவே கிடையாது. படத்தில் ஓடிய அசல் கார் பல வருஷம் ஒரு குடும்பத்தின் வீட்டுக் காராக இருந்து, 2018 ஜனவரியில் இந்தப் புதுப் பதிப்போடு சேர்ந்து டெட்ராய்ட்டில் வெளியே வந்தது. 2020இல் ஏலத்தில் கட்டணத்தோடு 37.4 லட்சம் டாலருக்குப் போனது. பெயின்ட் தேய்ந்து, பள்ளம் விழுந்து, வெளித்தோற்றத்தைப் புதுப்பிக்காத நிலையில்.

எண்ணிக்கைகளை எப்படி முடிவு செய்கிறார்கள்?

சில நேரம் எண்ணிலேயே கதை இருக்கும். மஸ்டாங்கின் 50ஆம் ஆண்டுப் பதிப்பு 1,964 கார்கள், 60ஆம் ஆண்டுக்கு 1,965. 1966இல் ஹெர்ட்ஸ் நிறுவனம் ஷெல்பி மஸ்டாங்குகளைக் கருப்பு, தங்கக் கோட்டில் வாடகைக்கு விட்டது, சுமார் ஆயிரம் கார்கள். 2006இல் அதே நிறத்தில் 500 கார்கள் மறுபடி வாடகைக்கு வந்தன. சேலஞ்சரின் டீமன் என்ற ரேஸ் பதிப்பு 2018இல் 3,300: அமெரிக்காவுக்கு 3,000, கனடாவுக்கு 300.

பிளாக் கோஸ்ட் என்று ஒரு சேலஞ்சர் சொல்கிறார்களே, அது என்ன?

என்னைக் கேட்டால் ஒரு ஸ்பெஷல் எடிஷன் இப்படித்தான் இருக்க வேண்டும்.

காட்ஃப்ரே குவால்ஸ் டெட்ராய்ட்டில் போலீஸ்காரர். 1970இல் ஒரு கருப்பு சேலஞ்சர் ஆர்/டி எஸ்ஈ வாங்கினார். ஹெமி என்ற பலம்வாய்ந்த வி8 எஞ்சின், முதலைத் தோல் மாதிரி வினைல் கூரை, பின்னால் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. இரவில் தெரு ரேஸ் நடக்கும் இடத்தில் அந்தக் கார் வரும், ஜெயிக்கும், மறைந்துவிடும். ஓட்டுவது யார் என்று யாருக்கும் தெரியாது. பேய் மாதிரி வந்து போவதால் கருப்புப் பேய் என்று பெயர். பல வருஷம் கேரேஜில் கிடந்த பிறகு, இறப்பதற்கு முன் தன் மகனிடம் அதைக் கொடுத்தார். 2020இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அந்தக் கார் இடம்பெற்றது. 2023இல் ஏலத்தில் கட்டணத்தோடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

சேலஞ்சர் உற்பத்தி நிற்கப்போகும்போது டாட்ஜ் 'லாஸ்ட் கால்' என்று ஏழு பதிப்புகள் அறிவித்தது. அதில் ஒன்று பிளாக் கோஸ்ட், 807 குதிரைத்திறன், 300 கார்கள். அதே கருப்பு, அதே வெள்ளைப் பட்டை, கூரையில் அதே முதலைத் தோல் அச்சு. இங்கே ஒவ்வொரு அலங்காரத்துக்கும் ஒரு மனிதன் இருக்கிறான். அந்த வெள்ளைப் பட்டையைத் தோற்றவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் எப்போதும் பின்னால்தான் இருந்தார்கள்.

பயன்படுத்திய எடிஷன் வாங்கும்போது உண்மையா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் விஐஎன், அதாவது ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண். 17 எழுத்தில் எட்டாவது எழுத்து இந்த மூன்று கம்பெனிகளிலும் எஞ்சினைக் குறிக்கும். வி6 காருக்கு வி8 காரின் சின்னம் ஒட்டியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். அடுத்தது, புதிதாக விற்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு. 1958 சட்டப்படி அமெரிக்காவில் ஒவ்வொரு புதுக் காரிலும் அது இருந்தாக வேண்டும். எடிஷன் பெயரும் அதற்கான தொகையும் அதில் வரும். அது தொலைந்துவிட்டது என்று சொன்னால் நான் அவசரப்பட மாட்டேன்.

பிறகு கூட வர வேண்டிய பொருட்கள். ஹெல்கேட் என்ற அதிசக்தி சேலஞ்சருக்கு இரண்டு வகைச் சாவி உண்டு, முழுச் சக்திக்கு சிவப்பு, 500 குதிரைத்திறனோடு நிறுத்த கருப்பு. சிவப்பு இல்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். 2018 டீமனில் ஓட்டுநர் இருக்கை மட்டும்தான் சும்மா வரும். பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் ஒரு டாலர். ரேஸுக்கான மெலிந்த முன் சக்கரங்கள், கருவிகள், வேறு எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியும் ஒரு டாலர்தான். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சில சேலஞ்சர்களின் முன் பம்பருக்குக் கீழே மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கிறதே, அதுவும் ஒரு எடிஷனா?

இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரும் வழியில் முன் உதடு உரசாமல் இருக்கப் போட்ட பாதுகாப்பு உறை அது. ஒப்படைக்கும் முன் கழற்றிவிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று பலர் விட்டுவிட்டார்கள், அப்படியே ஒரு ஸ்டைல் ஆகிவிட்டது. ஆனால் உறைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மணலும் நீரும் போய் அரைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும்தான், இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

2019 கமாரோவின் முகத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

எஸ்எஸ் மாடலில் முன்பக்கக் குறுக்குப் பட்டையைக் கருப்பாக்கி, கம்பெனியின் போ டை சின்னத்தையும் அதில் வைத்தார்கள். முகம் முழுக்க ஒரே கருப்பு ஓட்டையாகத் தெரிந்தது. ரசிகர்கள் விடவில்லை. 2020 மாடலிலேயே பட்டையை உடல் நிறத்துக்கு மாற்றிச் சின்னத்தையும் மேலே நகர்த்தினார்கள். ஒரு பட்டையின் நிறம் முகத்தையே கெடுக்கும், காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இந்தியாவில் இவற்றில் எது கிடைத்தது?

அதிகாரப்பூர்வமாக மஸ்டாங் மட்டும். 2015 தலைமுறையில்தான் முதல்முறையாகத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்தார்கள். 2016இல் டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். ஃபோர்டுக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை இருந்தாலும் மஸ்டாங் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகத்தான் வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டதா?

சேலஞ்சர் 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் நின்றது. கடைசியாக வெளியே வந்தது ஒரு கருப்பு டீமன் 170. கமாரோவும் 2024 மாடலோடு நின்றது. டாட்ஜின் புது சார்ஜர் கார் பழைய சாயலை விடவில்லை, ஆனால் மின்சாரத்திலும் ஆறு சிலிண்டரிலும் ஓடுகிறது. வி8 மஸ்டாங் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதன் டேஷ்போர்டு முழுக்கத் திரைதான். ஆனால் அந்தத் திரையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 1987 முதல் 93 வரையிலான மஸ்டாங்கின் முள் மீட்டர்கள் அப்படியே வந்துவிடும். போன ஆகஸ்டில் மச்சானின் மூத்த பையனைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினேன். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டோம். எண்களெல்லாம் பழைய காரில் போலவே பச்சையாக மாறின. அவன் கையைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.